தர்சிகாவின் கோவையில் ஒரு வரி

விசேட கல்வி அலகுகளுக்கு முதல் நியமனம் பெற்று வந்திருக்கும் தம்பிமார், தங்கச்சிமாருக்கு,

"உங்கட வெற்றிகளைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தாங்கோ சேர்" என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். மூன்று நாள் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். வெற்றி என்று எழுத எடுத்த ஒவ்வொன்றும் பாதி வழியில் வேறு ஏதோவாக மாறிப் போனது. கடைசியில், எனக்கு இன்றுவரை பிடிபடாத ஒரு விஷயத்தையே எழுதுவோம் என்று தொடங்கிவிட்டேன். வாசித்து முடித்ததும் உங்களுக்குத் தெளிவு பிறக்கும் என்று உத்தரவாதம் தரமாட்டேன். எழுதுகிற எனக்கே இன்னும் பிறக்கவில்லை.

எங்கள் அலகு திருகோணமலை நகரத்தில், துறைமுகப் பக்கமாக இருந்த ஒரு பாடசாலையின் பின்மூலையில் இருந்தது. அதற்கு முதல் உடைந்த மேசை, கதிரைகளைப் போட்டு வைத்த அறை அது. பிள்ளைகள் வரப்போகிறார்கள் என்று சொன்ன பிறகும் பாதிக் கதிரைகளை எடுக்காமல் விட்டிருந்தார்கள். கப்பல் ஊதினால் இரண்டு பிள்ளைகள் காதைப் பொத்துவார்கள், அஸ்லம் மட்டும் பதிலுக்கு ஊதுவான். நகரத்தில் திரிகிற மான்கள் சாப்பாட்டு வேளை பார்த்து வாசலுக்கு வந்து நிற்கும். ஏழு பிள்ளைகள், ஒரு வாத்தியார். உதவிக்கு ஒரு பெண் ஆசிரியர் தாருங்கள் என்று நான் எழுதிய கடிதங்களை அடுக்கினால் உடைந்த கதிரை ஒன்றுக்கு நாலாவது காலாக வைத்திருக்கலாம். நான் கோபக்காரன். ஆனால் என் கோபமெல்லாம் கடிதத்தோடு சரி, ஆளுக்கு முன்னால் போனால் "ஓம் சேர், ஓம் மிஸ்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

ஒரு வருடம், முதலாம் தவணை தொடக்கத்தில் கடற்கரைப் பக்கத்துத் தாய் ஒருவர் தன் இளைய மகளைக் கொண்டுவந்து சேர்த்தார். பவித்திரா, வீட்டில் பவி. ஆறு வயது, டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை. சிரித்தால் அறை முழுக்கச் சிரிக்கும். தாய்க்கு விடியமுதல் மீன் வெட்டிக் காயப்போடுகிற வாடியில் வேலை, தகப்பன் கடலுக்குப் போனால் வரக் கிழமைக் கணக்காகும். பவி தன் அக்காவின் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. அக்கா தர்சிகாவுக்கு எட்டு வயது, அதே பாடசாலையில் மூன்றாம் வகுப்பு.

"ஒரு கிழமைக்கு அக்காவும் இங்க இருக்கட்டும். பழகினாப் பிறகு தன்ர வகுப்புக்குப் போகட்டும்" என்றேன். யார் கேட்டாலும் இது நல்ல யோசனைதான். நீங்களும் இதையே சொல்லியிருப்பீர்கள்.

இரண்டாம் நாளே சங்கடம் வந்தது. பவிக்கு மலசலகூடத்துக்குத் தனியாகப் போகத் தெரியாது. நான் ஆம்பிளை. பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு ஏலாது, போனால் அடுத்த நாள் ஊர் என்ன கதைக்கும் என்றும் தெரியும். பக்கத்து வகுப்பு ரீச்சரைக் கூப்பிட்டேன். அவவுக்கு முப்பது பிள்ளைகள். ஒரு தரம் வந்தா, இரண்டாம் தரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தா. மூன்றாம் தரம் நான் கூப்பிட வாயெடுக்கவே இல்லை, தர்சிகா எழும்பித் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஒரு கிழமை ஒரு மாதமாகி, மாதம் தவணையானது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. பவியை மட்டுமில்லை, மற்றப் பிள்ளைகளையும் தர்சிகா பார்த்தாள். ஒருவனுக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து கொடுப்பாள், ஒருத்திக்கு மூக்குத் துடைப்பாள். அஸ்லம் நடக்க ஏலாத பிள்ளை, அவனுக்குப் பென்சில் எடுத்துக் கொடுப்பாள். கேட்டுக் கேட்டுக் கிடைக்காத உதவி ஆசிரியர் எட்டு வயதில் வந்து சேர்ந்ததுபோல இருந்தது.

இரண்டாம் தவணையில் மூன்றாம் வகுப்பு ரீச்சர் இடாப்பையும் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றா.

"சேர், இந்தப் பிள்ளை என்ர இடாப்பில இருக்கிறா, வகுப்பில இல்ல. ஒவ்வொரு நாளும் வரேல்ல எண்டு போட்டுக்கொண்டு இருக்கிறன். நாளைக்கு ஆராவது வந்து பாத்தா நான் என்ன சொல்ல?"

நியாயமான கேள்வி. பாடசாலை அதிபரிடம் போனோம். "உங்கட பக்கம் எடுக்கிறதெண்டா எடுங்கோ, ஆனா காரணம் எழுத வேணும்" என்றார் அவர். காரணம் எழுதுகிற இடம் ஒரு படிவத்தில் ஒரேயொரு வரி. 'தங்கைக்கு உதவ ஆள் இல்லை' என்று எழுதினால் அது பிள்ளையின் குறையில்லை, அலகின் குறை. வலயக் கல்விக் கந்தோரில் எடுபடாது. நான் மேசையில் இருந்து, "கற்றலில் மிக மெதுவானவர், பொது வகுப்பில் ஈடுகொடுக்க முடியாதவர்" என்று எழுதினேன். தர்சிகா பக்கத்தில் நின்றாள். பவியின் தண்ணீர்ப் போத்தலை நிரப்பக் கேட்டு வந்திருந்தாள். எழுதி முடித்து, அவளுடைய விபரக் கோவையில் போட்டு, அலுமாரியில் வைத்துவிட்டு, போத்தலை நிரப்பிக் கொடுத்தேன்.

இனித்தான் என் குழப்பம் தொடங்குகிறது.

எழுதியதற்கு ஒரு ஆதாரம் வேண்டுமே என்று அடுத்த கிழமை அவளைக் கூப்பிட்டு இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னேன். தட்டுத் தடுமாறினாள். 'மரம்' என்பதற்கே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். எனக்கு வந்தது கவலையாக இருந்திருக்க வேண்டும். வந்தது ஆறுதல். அப்பாடா, நான் பொய் எழுதவில்லை, பிள்ளை உண்மையிலேயே பின்தங்கித்தான் இருக்கிறாள் என்று நினைத்தேன். அந்த ஆறுதலை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆனால் சரியாகப் பொருந்தவில்லை. ஒரு நாள் நான் திரும்பி நின்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்க, பின்னால் அவள் அஸ்லத்துக்கு ஒரு கதைப் புத்தகத்தை வாசித்துக் காட்டுகிற குரல் கேட்டது. தங்கு தடையில்லை. நான் திரும்பியதும் குரல் நின்றுவிட்டது. "வாசி பாப்பம்" என்றேன். "படத்தைப் பாத்துச் சொன்னனான் சேர்" என்றாள். கடைக்கு அனுப்பினால் மிச்சக் காசு பிசகாது, கணக்குத் தாளில் மூன்றும் இரண்டும் ஏழு. என் குறிப்புப் புத்தகத்தில் ஒரு பக்கம் 'முன்னேற்றம்' என்றும் அடுத்த பக்கம் 'முன்னேற்றம் இல்லை' என்றும் இருக்கிறது. எந்தப் பக்கம் உண்மை என்று தெரியாமல் இரண்டுக்கும் கீழே கையெழுத்து வைத்திருக்கிறேன்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் வலயத்திலிருந்து ஒரு ஆலோசகர் பிள்ளைகளை மதிப்பிட வந்தா. என்னைவிடப் பத்து வயது இளையவ. பெயர் சொல்ல மாட்டேன், அவவுக்கும் அது பிடிக்காது. தரையில் பாய் விரித்து ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் இருத்தி, இரண்டு இரண்டு படமாகக் காட்டிக் கேட்டா. எது பெரிசு? எதில கூட இருக்கு? எது பறக்கும்? பிள்ளை ஒன்றைத் தொட வேண்டும். இருபது தரம். தர்சிகா யோசித்து யோசித்து, ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

பிள்ளைகள் போனபின் அவ தாளை என்னிடம் நீட்டினா.

"இவ எத்தினை பிழை விட்டவ எண்டு பாத்தனீங்களே சேர்?"

"எல்லாம் பிழை."

"அதுதான். இருபதும் பிழை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் அரைவாசி சரி வந்திருக்கும். ஒண்டுகூடச் சரி வராமப் பாக்கிறதெண்டா, சரியானது எது எண்டு ஒவ்வொண்டுக்கும் தெரிஞ்சிருக்க வேணும்."

"இந்தப் பிள்ளை ஏன் இங்க இருக்கிறா?" என்று கேட்டா. தங்கச்சியின் கதையைச் சொன்னேன். கோபிப்பா என்று எதிர்பார்த்தேன். அவ பாயைச் சுருட்டிக் கட்டினா.

"அப்ப கோவையில அந்தக் காரண வரியில தங்கச்சியின்ர கதையைத்தானே எழுதியிருக்க வேணும், சேர்" என்றா. புதுப் படிவம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தா. ஒரு எழுத்துக்கூட நிரப்பப்படாத படிவம். "இதை நான் நிரப்ப மாட்டன். நீங்கள் நிரப்பி அனுப்புங்கோ."

மறுநாள் தர்சிகாவைத் தனியே கூப்பிட்டேன். "ஏன் பிள்ளை பிழையாத் தொட்டனீ? உனக்குத் தெரியும்தானே?" அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அலுமாரியைப் பார்த்தாள். நான் கேட்கக் கேட்க அலுமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கச்சியை விட்டுப் போகப் பயந்துதான் இப்படிச் செய்திருக்கிறாள் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். அலுமாரியில் என்ன இருக்கிறது என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

பின்னேரம் வாடிக்குப் போய்த் தாயைக் கண்டேன். கை முழுக்கச் செதிலோடு எழும்பி வந்தா. பெரியவளை வகுப்புக்கு அனுப்பப் போகிறேன் என்றேன்.

"பெரியவள் இல்லாட்டிச் சின்னவளை விட ஏலாது சேர். வீட்டில வைச்சுப் பூட்டிப்போட்டுத்தான் வேலைக்கு வர வேணும்" என்றா. பிறகு குரலைத் தாழ்த்தி, "பெரியவளும் கொஞ்சம் மந்தம் எண்டுதானே நீங்கள் எழுதினது? மூண்டாம் வகுப்பு ரீச்சர் சொன்னவ. அப்ப அவள் அங்கயே இருக்கட்டுமே. வகுப்பில போய் அடி வாங்கிறதை விட."

தாய் அதை நம்பியிருந்தா. சேர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, தன் பிள்ளையை இத்தனை மாதமாக அந்தக் கண்ணால் பார்த்திருக்கிறா. அப்போதே, அந்த வாடி வாசலிலேயே, 'அம்மா, அது நான் எழுதின பொய்' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "அது... பாப்பம்."

இப்போது என் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். அக்காவை அனுப்பினால் தங்கை பூட்டிய வீட்டுக்குள். அனுப்பாவிட்டால் அக்காவின் படிப்பு போயிற்று. ஒரு கிழமை தூக்கமில்லாமல் யோசித்துவிட்டு, பவியை இரண்டு கிழமை மட்டும் அக்கா இல்லாமல் விட்டுப் பார்க்கும்படி தாயிடம் கேட்டுக்கொண்டு, தர்சிகாவை நாலாம் வகுப்புக்கு அனுப்பினேன். துணிந்து எடுத்த முடிவு என்று நினைக்காதீர்கள். ஆலோசகர் திரும்பி வருவா என்ற பயமும் அதில் இருந்தது. எது எத்தனை பங்கு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

பவி மூன்று நாள் அழுதாள். வாசலில் மான் வந்து நின்றால் மட்டும் கொஞ்சம் ஓய்வாள். நாலாம் நாள் உடுப்போடேயே மலசலம் போய்விட்டாள். மற்றப் பிள்ளைகள் சத்தம் போட, அஸ்லம் கப்பல் போல ஊத, நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப்போய் நாலாம் வகுப்பு வாசலில் நின்று, "தர்சிகா, ஒருக்கா வா பிள்ளை" என்றேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டு எழும்பி வந்தாள். அடுத்த நாளும் கூப்பிட்டேன். அதற்கடுத்த நாள் அந்த வகுப்பு ரீச்சர் என்னை நிறுத்தி, "சேர், அவ இப்ப புத்தகத்தைத் திறக்கிறதே இல்ல. வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கிறா" என்றா.

அன்றைக்கு அலகுக்குத் திரும்பி வரும்போது வேப்ப மரத்தடியில் அஸ்லத்தின் உம்மா இருந்தா. கிண்ணியாவிலிருந்து மகனைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருவா. போய்த் திரும்பி வர இரட்டைச் செலவு என்று பள்ளிக்கூடம் விடும்வரை அந்த மரத்தடியிலேயே தையலோடு இருப்பா. ஒன்றரை வருடமாக ஒவ்வொரு நாளும் அவவைக் கடந்துதான் நான் உள்ளே போனேன். ஒவ்வொரு நாளும் தலையாட்டினேன். அந்தக் காலை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சேர், அந்தப் புள்ளைக்கு ஏலாமயா?" என்று கேட்டா. சொன்னேன்.

"இதுக்கா சேர் அந்தச் சின்னப் புள்ளையக் கூப்பிடுறீங்க? நான் இந்த வாசல்லதானே இரிக்கன்."

"நீங்கள் செய்வீங்களோ?"

"ஆரும் கேக்கல்லயே."

தையலை மடித்து வைத்துவிட்டு எழும்பி உள்ளே போனா. பவியைக் கழுவி, துடைத்து, வேறு சட்டை போட்டு, ஏதோ கதை சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டு கூட்டி வந்தா. ஒரு மாதத்துக்குள் பவி அவவை 'ம்மா' என்று கூப்பிடத் தொடங்கினாள். அதிபரிடமும் பவியின் தாயிடமும் சொன்னேன், இருவரும் சம்மதித்தார்கள். வீடு பூட்டப்படவில்லை. கடிதம் கடிதமாக நான் வலயத்திடம் கேட்டது என் வாசலில் சட்டை தைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை, அன்றைக்கு இரண்டும் வந்தது.

தர்சிகா வாசலைப் பார்ப்பதை நிறுத்த இன்னும் ஒரு வருடம் எடுத்தது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் சுமாராகத்தான் செய்தாள். அந்த ஒரு வருடம் என்னிடம் இருந்திராவிட்டால் எப்படிச் செய்திருப்பாள்? தெரியாது. என்னிடம் இருந்ததால்தான் பவி பள்ளிக்கூடத்துக்குப் பழகினாள் என்பதும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்கலாமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். விடை வரவில்லை.

ஆலோசகர் தந்த படிவத்தில் 'பொது வகுப்புக்கு மாற்றப்பட்டார்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன். பழைய வரியை வெட்டவில்லை. வெட்டினால் ஏன் வெட்டினாய் என்று கேட்பார்கள். நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த நாளிலும் அந்த வரி அந்தக் கோவையில் என் கையெழுத்தோடு இருந்தது.

போன மாதம் அக்காவும் தங்கையும் வீட்டுக்கு வந்தார்கள். தர்சிகா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். பவிக்கு இப்போது பதினாறு. என்னைக் கண்டதும் என் கண்ணாடியைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டாள். அவளை ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்க்க, படிப்பித்த ஆசிரியரின் கடிதம் வேண்டுமாம். கண்ணாடியைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு மேசையில் இருந்து எழுதத் தொடங்கினேன். தர்சிகா பக்கத்தில் வந்து நின்றாள்.

எழுதி முடிக்கிற நேரம் என்னால் தாங்க முடியவில்லை. பேனையை வைத்துவிட்டு, "தர்சிகா, உன்ர கோவையில நான் ஒரு பொய் எழுதினனான்" என்றேன்.

"தெரியும் சேர்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. நீங்கள் எழுதேக்க நான் இப்பிடித்தானே பக்கத்தில நிண்டனான். வாசிச்சனான்."

எட்டு வயதுப் பிள்ளை. கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல். கற்றலில் மிக மெதுவானவள் என்று நான் எழுதுவதை அவள் வாசித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"அப்ப அந்தப் படமெல்லாம் பிழையாத் தொட்டது? பவியை விட்டுப் போக விருப்பமில்லாமலோ?"

"அதுவும்தான்" என்றாள். "ஆனா நீங்கள் அப்பிடி எழுதிப்போட்டியள். நான் சரியாச் சொன்னா நீங்கள் பொய் எழுதினது எண்டு அந்த மிஸ்ஸுக்குத் தெரிஞ்சிடும். உங்களுக்கு ஏசுவா எண்டு நினைச்சன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் முயலவில்லை. இத்தனை வருடம் நான்தான் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றினேனா கெடுத்தேனா என்று குழம்பிக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் என்பது என் கணக்கில் எங்குமே இல்லை.

அவள் என் நிலையைப் பார்த்துவிட்டுக் கடிதத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"சேர், இதில 'அன்றாடத் தேவைகளுக்கு உதவி தேவையில்லை' எண்டு எழுதியிருக்கிறியள்."

"ஓம்."

"கொஞ்சம் தேவை, சேர்."

"அப்பிடி எழுதினா எடுக்காம விட்டிடுவினம், பிள்ளை. நல்லதுக்குத்தான்..." என்று சொல்லும்போதே என் வாய் நின்றுவிட்டது. ஓய்வு பெற்றும், இவ்வளவையும் கேட்டும், அதே பேனையால் அதே வேலையை அதே பிள்ளைக்கு முன்னால் செய்துகொண்டிருக்கிறேன்.

"எடுக்காட்டி வேற இடம் பாப்பம்" என்றாள். "உள்ளதை எழுதுங்கோ."

அந்த வரியை வெட்டினேன். 'மலசலகூடம் செல்லும்போது ஒரு பெண்ணின் சிறு உதவி தேவைப்படும். அதைச் செய்ய ஒருவரை ஒழுங்கு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதினேன். வெட்டிய இடத்தில் கையெழுத்தும் வைத்தேன். தர்சிகா முழுவதையும் இன்னொரு தரம் சத்தமாக வாசித்தாள், எங்கும் தடுமாறவில்லை. பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தங்கையைக் கூட்டிக்கொண்டு போனாள்.

பயிற்சி நிலையத்திலிருந்து பதில் இன்னும் வரவில்லை. அந்த வரியை வெட்டாமல் விட்டிருந்தால் இந்நேரம் பவி அங்கே போயிருப்பாளோ என்று ஒரு மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நேற்றும் தர்சிகாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

"இன்னும் இல்ல சேர்" என்றாள். "நீங்கள் யோசிக்காதேங்கோ. இந்த முறை நான் ஒண்டும் பிழையாத் தொடத் தேவையில்ல."